பச்சைத் தட்டில் நீலப் பானைகள்

மேவிஸ் அந்தக் கோடை முழுக்க ஜன்னல் திரைகளை வெளுத்துக்கொண்டே இருந்தாள். வெளுத்து, காயப்போட்டு, மாட்டி, இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சனியன், மஞ்சக் கறை போகவே மாட்டேங்குது" என்று மறுபடி கழற்றுவாள். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு அவை வெள்ளையாகத்தான் தெரிந்தன. சொல்லியும் பார்த்தேன்.

"உன் வீட்டுத் திரையப் பாத்துப் பழகின கண்ணு அது, ஆலிவ். உனக்கு எல்லாமே வெள்ளதான்" என்றாள்.

வாய் கொடுத்து மேவிஸிடம் ஜெயித்தவர்கள் எங்கள் ஊர் ரூபரியில் யாரும் கிடையாது. என் பாட்டுக்கு அவரைக்காய் பறிக்கப் போய்விட்டேன்.

அவள் புருஷன் நார்மன் டிராண்டர், கார் தொழிற்சாலை இழுத்து மூடப்படுவதற்கு வெகு முன்பே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்று சொன்னது தொழிற்சாலைதான். அவன் உடம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரவே இல்லை. தோட்டத்துக் கடைசியில் தகரக் கொட்டகை. அதற்குள் விடிந்தால் போனால் சாப்பாட்டுக்குத்தான் தலை தெரியும். அங்கே அவன் பார்த்ததெல்லாம் பானை வேலை.

எங்கள் பக்கத்தில் அதைப் பானை என்றே சொல்லிவிடுவோம். அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் சக்கரத்துக்கு மேலே சுருள் கம்பி இருக்காது. அதற்குப் பதில் சக்கரத்துக்கு ஒன்றாக இரும்புப் பானை, உள்ளே ரப்பரும் தண்ணீர் மாதிரி ஒரு திரவமும். முன் பானையிலிருந்து பின் பானைக்கு ஒரு குழாய் ஓடும். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் திரவம் பின்னால் ஓடிப் பின்பக்கத்தையும் தூக்கிவிடும். வண்டி மூக்கைத் தூக்காமல் சமமாகப் போகும். புதிதில் தொட்டில் சுகம். முப்பது நாற்பது வருஷம் ஆனால் குழாய் இணைப்பு கசிந்து, ஒரு நாள் காலையில் பார்த்தால் வண்டி ஒருக்களித்துப் படுத்திருக்கும். புதுப் பானை செய்வாரும் இல்லை, விற்பாரும் இல்லை. குப்பை மேட்டிலிருந்தும் கோழிக் கொட்டகையிலிருந்தும் பொறுக்கி வருகிற பழைய பானைகளைத் தேற்றிக் கொடுக்க நார்மன் மாதிரி ஆள் வேண்டும்.

தேற்றுவதை விட, எது எந்தப் பானை என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே ரப்பர் சிலதில் மெத்தென்று, சிலதில் கல்லு. எந்த வண்டிக்கு, முன்னாலா பின்னாலா என்பதை அடையாளம் காட்டப் பானையின் இடுப்பைச் சுற்றி வண்ணக் கோடு போட்டிருப்பார்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியால் ஒற்றி ஒற்றித்தான் அழுக்கை எடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கம்பித் தூரிகை போட்டவன் கோட்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு, ஊர் பேர் தெரியாத இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பான். நார்மன் ஒற்றுகிற அழகைப் பார்த்தால் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். நார்மனுக்குப் பிறவியிலேயே வண்ணம் தெரியாது. சிவப்பும் பச்சையும் ஒன்று, நீலமும் ஏதோ ஒன்று, வெளுப்பும் மஞ்சளும் அவனுக்கு ஒரே மங்கல். தொழிற்சாலையில் பானைக்குத் திரவம் ஏற்றுகிற இடத்தில் நின்றான்; அங்கே வண்ணம் தேவைப்படவில்லை. பிறகு பழைய கார்க்காரர்கள் சங்கத்துக் கூட்டமொன்றில் பக்கத்திலிருந்த மேவிஸ் காதில் முணுமுணுக்க, ஒரு பானையைப் பார்த்த மாத்திரத்தில் இவன் பேர் சொல்லிவிட்டான். கூட்டம் வாயைப் பிளந்தது. அன்றைக்கே, "ஐயா, எனக்கு வண்ணம் தெரியாது, சொன்னது என் பெண்டாட்டி" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. புலி வாலைப் பிடித்துவிட்டான்.

அதிலிருந்து யாராவது பானை கொண்டுவந்தால், நார்மன் அதைக் கையில் உருட்டி "ம்ம்" என்பான். மேவிஸ் தேநீர் கொண்டுவருகிற சாக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். இரண்டாவது நடையில் பிஸ்கட் தட்டு வரும். சிவப்புக் கோடு என்றால் இஞ்சி பிஸ்கட். பச்சைக்குக் கிரீம் வைத்தது. நீலத்துக்குச் சர்க்கரை தூவியது. மஞ்சளுக்கு எலுமிச்சை. வெள்ளைக்கு ஒன்றும் கிடையாது, வெறும் தேநீர். "டிராண்டர் வீட்டு உபசாரம் போல வராது" என்று வருகிறவர்கள் மெச்சிக்கொண்டு போவார்கள். இது தெரிந்த மூன்றாவது ஆள் நான். எனக்கு மட்டும் எப்போதும் உடைந்த பிஸ்கட் வந்தது ஏன் என்று சண்டை போட்டபோது, சிரிப்பு தாங்காமல் மேவிஸே சொல்லிவிட்டாள்.

அக்டோபர் வந்ததும் லிக்கி மலையிலிருந்து காற்று இறங்கியது. எங்கள் தெருவில் அந்தக் காற்று வந்துவிட்டால் ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளாது. குப்பைத் தொட்டி மூடி உருளும், நாய் குரைக்கும், கதவு அடித்துக்கொள்ளும். டிராண்டர் வீட்டில் கதவோடு சேர்ந்து வாயும் அடித்துக்கொண்டது. மேவிஸின் தங்கை வேல்ஸ் கடற்கரையில், பார்மத்தில் இருக்கிறாள். பக்கத்து வீடு காலியாகிறது, வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள்.

"கடலப் பாத்து உக்காந்து என்ன பண்ண? அலைய எண்ணவா?" என்றான் நார்மன்.

"இங்க மட்டும் என்னத்தப் பண்ற? ஊரான் வண்டிக்கெல்லாம் பானை மாட்டுற, நம்ம வண்டி ரெண்டு வருஷமா கல்லு மேல நிக்குது. கடைக்குப் போக எனக்குப் பஸ்ஸு."

"அடுத்த மாசம் இறக்கிடுறேன்."

"எந்த வருஷத்து அடுத்த மாசம்? இந்தா பாரு நார்மன். முன்னால நீ குழியில விழுந்தா பின்னாலருந்து நான் தூக்கிவிடணும். இத்தன வருஷமா நான் பின் பானைதான். ஒரு நாளைக்கு வேணும்னே கலர மாத்திச் சொல்றேன் பாரு. அப்பத் தெரியும் உன் வண்டவாளம்."

வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த நான் சிரித்தேன். அது சிரிக்கிற பேச்சில்லை என்று அடுத்த வாரமே தெரிந்தது.

சங்கத்துச் செயலாளர் செட்ரிக் வந்தான். பழைய பால் வண்ண ஆஸ்டின் கார் அவனுடையது; பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் துடைத்திருக்க மாட்டான். வண்டியை வாசலில் நிறுத்தியபோதே கோளாறு தெரிந்தது. இடப்பக்கம் ஒழுங்காக நின்றது. வலப்பக்கம் முன்பாகம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, பின்பாகம் உட்கார்ந்திருந்தது.

"என்னப்பா இது, நாய் கால் தூக்கின மாதிரி நிக்குது?" என்றான் செட்ரிக். பாதி சிரிப்பு, பாதி அழுகை. "நீ குடுத்த பானைய மாட்டி மூணு தடவ திரவம் ஏத்திப் பாத்துட்டேன். பின்னால ஏத்தினா முன்னால கூரையத் தொடுது."

நார்மன் அளவுகோலோடு குனிந்தான். சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரைக்கும் அளந்தான். வண்டியின் நான்கு மூலையையும் அமுக்கி விட்டுப் பார்த்தான். அமுக்கின கையிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. முன்னால் இருப்பது கல்லுப் பானை. அங்கே இருக்க வேண்டியது மெத்துப் பானை.

"பழைய சரக்கு. உள்ள ரப்பர் இறுகியிருக்கும். கழட்டி வச்சிட்டுப் போ, நான் பாக்குறேன்" என்றான்.

"பானையப் பாத்தாலே ஜாதகம் சொல்றவன் நீ. உன்கிட்டயே தப்புமா? அங்க ப்ராம்ஸ்குரோவ்ல ஒருத்தன் வண்டியும் இப்படித்தான் நிக்குதாம். அவனுக்கும் நீதான் குடுத்த."

அவன் போன பிறகு நார்மன் கொட்டகைக்குப் போகவில்லை. நேரே சமையலறைக்குப் போனான். அன்றைக்கு ஈரல் உருண்டையும் பட்டாணிக் கூழும். வாசனை என் வீடு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. வாசனைக்குப் பின்னாலேயே சத்தமும் வந்தது.

"சொன்ன மாதிரியே செஞ்சிட்ட இல்ல?"

"என்னத்த செஞ்சேன்?"

"செட்ரிக் பானைக்குப் பச்சைன்னு கிரீம் பிஸ்கட் வச்ச. அது பச்சை இல்ல. வேணும்னே மாத்திச் சொன்னியா மேவிஸ்? எனக்குக் கண்ணு பொட்டைன்னு விளையாடுறியா? சங்கமே என் மூஞ்சில காறித் துப்பணுமா?"

கரண்டி சட்டியில் விழுந்த சத்தம் கேட்டது.

"ஆமா. வேணும்னேதான் சொன்னேன். என்ன பண்ணப் போற?"

எனக்கே திக்கென்றது. மேவிஸ் நாக்கில் விஷமுண்டு, மனசில் கிடையாது. நான்கு பேர் மாதிரி அவளும் புருஷனைக் கரித்துக்கொட்டுவாள். ஆனால் அவன் சட்டைப் பித்தானை வேறொருத்தி தைக்க விடமாட்டாள். அவளா இப்படிச் செய்தாள்? நம்ப முடியவில்லை. அவள் வாயாலேயே சொன்ன பிறகு நம்பாமல் என்ன செய்வது?

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு நின்றது. மேவிஸ் மாடியிலிருந்து பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்தாள். பார்மத்துக்குப் போகிறாளாம். துணியை எடுத்து வைப்பாள், எடுப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், மறுபடி வைப்பாள். நார்மன் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்தான். ஒரு பானையைத் தூக்குவான், வைப்பான். கல்லின் மேல் நிற்கிற தன் வண்டிக்கு அடியில் படுப்பான், ஒன்றும் செய்யாமல் எழுந்து வருவான். காற்றும் ஓயவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கும் உட்கார முடியவில்லை. ஒரே நாளில் அடுப்பை இரண்டு தடவை துடைத்தேன்.

பிறகு ஒரு காலையில் நார்மன் வேலியோரம் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் திருகிக்கொண்டிருந்தான். அவன் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஆலிவ், கொஞ்சம் கொட்டகைக்கு வர்றியா? உன் கண்ணு வேணும்."

"என்ன, என்னைக் கட்டிக்கப் போறியா? மேவிஸ் இன்னும் பஸ் ஏறலியே."

"கேலி பண்ணாத. எது எது தப்புன்னு தெரியணும். யார் யாருக்கு என்ன குடுத்திருக்கேன்னு எனக்கு ராத்தூக்கம் இல்ல. வண்டியில ஜனங்க போறாங்க ஆலிவ்."

போனேன். கொட்டகையில் திரவத்தின் சாராய வாடையும் ரப்பர் வாடையும். சுவரோடு சுவராகப் பலகைத் தட்டுகள். தட்டு விளிம்பில் சுண்ணக்கட்டியால் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை என்று எழுதியிருந்தது. நார்மன் ஒவ்வொரு பானையாக எடுத்து நீட்டினான். நான் கோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

சிவப்புத் தட்டில் எல்லாம் சிவப்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பச்சைத் தட்டு" என்றான்.

"பச்சை. பச்சை. இது நீலம். இதுவும் நீலம். பச்சை. நீலம் நார்மன், நல்ல கருநீலம்."

"மஞ்சத் தட்டு."

"மஞ்சள்... இது வெள்ளை. இதுவும் வெள்ளைதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் கண்ணு போகல. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

வெள்ளைத் தட்டிலும் நீலத் தட்டிலும் பின்வரிசையில் கிடந்தவை சரியாக இருந்தன. அவை பழைய வருஷத்துப் பானைகள். இந்த வருஷம் வந்தது ஒன்றுகூட அந்த இரண்டு தட்டிலும் இல்லை. வந்த நீலமெல்லாம் பச்சைத் தட்டுக்கும், வந்த வெள்ளையெல்லாம் மஞ்சள் தட்டுக்கும் போயிருந்தன.

நார்மன் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"ஒரு பானை கோளாறுன்னா பானையில கோளாறு. ஒரு பக்கம் பூராவும் ஒரே மாதிரி இறங்கினா அது பானை இல்ல ஆலிவ், குழாய்." அவன் என்னிடம் பேசுகிற மாதிரி இல்லை, தட்டுகளோடு பேசினான். "கெடுக்கணும்னு நெனக்கிறவ சிவப்பை மட்டும் விட்டுவைப்பாளா? அங்கங்க ஒண்ண மாத்திப்போட்டிருப்பா. இது அப்படி இல்லியே. நீலம் அத்தனையும் பச்சை. வெள்ள அத்தனையும் மஞ்ச."

எனக்குச் சட்டென்று அந்தத் திரைகள் ஞாபகம் வந்தன. கோடை முழுக்க அவள் வெளுத்த மஞ்சள் கறை. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

நார்மனின் முகம் மாறியது. தொப்பியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குள் போனான். பின்னாலேயே நானும் போனேன். கூப்பிடாத வீட்டுக்குள் நுழைகிறவள் இல்லை நான். அன்றைக்குக் கால் நிற்கவில்லை.

மேவிஸ் ஜன்னலோரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பகல் வேளையிலும் விளக்கு எரிந்தது. சீவின கிழங்கில் தோல் அங்கங்கே ஒட்டியிருந்தது. இத்தனை நாள் இதையெல்லாம் பார்க்காமல் அவளோடு என்னத்தைப் பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"உன் கண்ணுக்கு என்ன?" என்றான் நார்மன்.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. உன் கண்ணுக்குத்தான்."

"மேவிஸ்."

"வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்னு ஒத்துக்கிட்டேன்ல? இன்னும் என்ன? பெட்டியும் கட்டியாச்சு."

"நீ பொய் சொல்ற. வேணும்னு செஞ்சா அவ்வளவு ஒழுங்கா வராது. எல்லா நீலத்தையும் பச்சைன்னு வச்சிருக்க. உனக்குத் தெரியல."

கத்தியைக் கீழே வைத்தாள். ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பனி படிஞ்ச கண்ணாடி வழியாப் பாக்குற மாதிரி இருக்கு" என்றாள் கடைசியில். "வெளிச்சம் பட்டாக் கூசுது. போன வருஷத்துலருந்தே. திரைய வெளுத்தேன், போகல. ஒரு நாள் உன் வெள்ளைச் சட்டையும் மஞ்சளாத் தெரிஞ்சுது. அப்பத்தான் கறை துணியில இல்லன்னு புரிஞ்சுது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குன்னுவ. எங்கம்மாவுக்கும் இதேதான். கண்ணறுத்து, தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வச்சு, அசையாதன்னு படுக்க வச்சாங்க. நான்தான் கரண்டியால ஊட்டினேன். கட்டப் பிரிச்சா இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சு. சாகுற வரைக்கும் சுவரத் தடவிட்டு நடந்தா." மூக்கை உறிஞ்சினாள். "அதோட, நான் சொல்லலைன்னா உனக்குப் பானை ஏது? சும்மா உக்காந்தா நீ ஆறு மாசம் தாங்க மாட்ட."

"அதுக்காகக் கெட்டவள்னு பேரு வாங்கிக்கிட்டுப் பெட்டி கட்டுவியா?"

"நீ கோவப்பட்டாத் தாங்கிக்குவேன் நார்மன். ஐயோ பாவம்னு பாத்தியானா என்னால தாங்க முடியாது."

"பாவமா? உன்னப் பாத்தா?" நார்மன் கத்தினான். வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. தகரத்தைப் போட்டு அடித்த மாதிரி இருந்தது. "எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு இந்தக் கிழங்கெல்லாத்தையும் தூக்கித் தெருவுல எறிவேன்! ஒரு வருஷம்! ஒரு வருஷமா ஒண்டியாப் பயந்துக்கிட்டு இருந்திருக்க! நான் என்ன, இந்த வீட்டு மேசை நாற்காலியா?"

மேவிஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முகம் தெளிந்தது.

நார்மன் அங்கே நிற்கவில்லை. கூடத்தில் இருந்த போனை எடுத்தான். பெட்டி காலில் இடறியது. அதை எட்டி உதைத்தான். செட்ரிக் நம்பரைச் சுழற்றினான்.

"செட்ரிக், நான் நார்மன். நல்லாக் கேட்டுக்க, ரெண்டாவது தடவ சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. இந்த வருஷம் என்கிட்ட பானை வாங்கினவங்க எல்லாரையும் வண்டிய எடுக்க வேண்டாம்னு சொல்லு. பச்சை, மஞ்சள்னு நான் குடுத்ததெல்லாம் திரும்பி வரணும். கலர் தப்பு. ரப்பர் இறுகிப்போச்சுன்னு உங்கிட்டச் சொன்னது பொய்... இல்ல, மறதி இல்ல. எனக்குக் கலரே தெரியாது. பொறந்ததுலருந்தே. ஆமா, எந்தக் கலரும். அத்தன வருஷமும் சும்மா நடிச்சேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. நார்மனின் கழுத்து சிவந்துகொண்டே போனது. மேவிஸின் கண்ணைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். பானைய மட்டும் கொண்டாரச் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

மேவிஸ் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நான்தான் தப்பாச் சொன்னேன்னு சொல்றதுக்கு என்ன? உன் மானத்த உன் கையாலயே வித்துட்டியே, மடையா."

"எனக்குக் கலர் தெரியாதுங்கறது நெசந்தான? உன் கண்ணு உன் சமாச்சாரம். அத நான் ஏன் செட்ரிக்குக்குச் சொல்லணும்?"

மேவிஸ் சமையல் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"ஆலிவ், என் கோட்ட எடு. நார்த்ஃபீல்டு கண்ணாடிக்காரன்கிட்டப் போயிட்டு வந்துடலாம். பாக்க மட்டுந்தான். அறுக்க இல்ல. பாக்க மட்டும்."

"பாக்க மட்டும்" என்றான் நார்மன்.

"நாளைக்குன்னா போக மாட்டேன். இப்பவே கூட்டிட்டுப் போ."

நார்மனின் வண்டி கல்லின் மேல் நின்றதால் பஸ்ஸில்தான் போனோம். மேவிஸ் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். நார்த்ஃபீல்டு கடைத்தெருவில் இறங்கியபோது காற்று மேகத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. தாழ்ந்த வெயில் முகத்துக்கு நேரே அடித்தது. கண்ணாடிக்கடை எதிர்ப்பக்கம். நடுவில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டே இருந்தன. மேலே சிவப்பும் கீழே பச்சையுமாக ஆள் கடக்கிற விளக்கு; அதன் அடியில் போய் நின்றோம். நான் ஓர் அடி பின்னால் நின்றேன்.

"ஒண்ணும் தெரியல" என்றாள் மேவிஸ். நார்மனின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "வெயிலு கண்ணக் குத்துது. என்ன கலர் எரியுது?"

"மேல எரியுது. நில்லு."

லாரி ஒன்று எங்களை உரசுகிற மாதிரி போனது. அவள் அரையடி பின்வாங்கினாள்.

"கீழ எரியுது. வா."

அவள் கால் எடுக்கவில்லை. "நெசமாத்தானா?"

"இத்தன வருஷத்துல நீ கலர் சொன்னப்ப நான் ஒரு தடவையாவது அப்படிக் கேட்டிருக்கேனா?"

"கேட்டியே. அன்னைக்கு, செட்ரிக் போன பிறகு."

பின்னால் தள்ளுவண்டியோடு வந்த பெண் எங்களைச் சுற்றிக்கொண்டு கடந்து போனாள். விளக்கு மறுபடி மேலே ஏறியது. வண்டிகள் கிளம்பின.

"கேட்டது தப்பு" என்றான் அவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "தப்பு மேவிஸ்."

நின்றோம். பஸ் போனது, ரொட்டி வண்டி போனது, சைக்கிள் போனது.

"கீழ எரியுது" என்றான் நார்மன்.

இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. இறங்கி நடந்தாள்.